பெங்களூருக்குப் போன நாரை

கார்ட்டூன் படங்களில் வரும் அம்மாக்களை நம்பி ஒருமுறை மோசம் போயிருக்கிறேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரிலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் பஸ்ஸில் போகிற அத்தனை பேரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

அந்தப் படங்களில் அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கொள்கிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? (பாதிப் படங்களில் அம்மா முதல் ஐந்து நிமிடத்திலேயே செத்துப்போய்விடுவாள். நான் சொல்வது மீதிப் பாதியை.) மகளுக்கு முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும். கோபம் வந்தால் நேராக ஒரு மலை உச்சிக்குப் போய் நிற்பாள். காற்று அடிக்கும். அவள் தலைமுடி மட்டும் பறக்கும். "நீ என்னைப் புரிஞ்சுக்கவே இல்லம்மா" என்பாள். அந்த அம்மாவும் இருக்கிற வேலையை எல்லாம் போட்டுவிட்டு உச்சி வரைக்கும் ஏறி வந்து, பொறுமையாகக் கேட்டு, கடைசியில் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்பாள்.

எங்கள் ஊரில் முதல் பிரச்சினை, மலை கிடையாது. உயரமான இடம் என்றால் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகையின் மொட்டைமாடிதான். அதில் ஏறி நின்றால் என் அம்மா, "எறங்கி வரும்போது அந்த வரட்டியயும் எடுத்துக்கினு வா" என்பாள். "நீ என்னைப் புரிஞ்சுக்கவே இல்ல" என்பதையும், பிளஸ் டூ படிக்கும்போது, ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். "இன்னாத்தடி புரிஞ்சிக்கணும்? நீ இன்னா கணக்குப் பாடமா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அம்மாவின் பெயர் தனம். ஒன்றரை ஏக்கர் நெல், இரண்டு மாடு, வாயே திறக்காத என் நைனா, இத்தனையையும் ஒரே குரலில் மேய்த்தவள். வயலில் நின்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாப்பில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றால், யோசிக்கத்தானே வேண்டும்?

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அந்த வேலை அம்மாவுக்குப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது. எனக்குப் பிடிக்காமல் போனதற்கும் அதே காரணம்தான். குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் போடுகிற ஒரு பெங்களூர் கம்பெனிக்கு யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் போட்டேன். போனிலேயே இன்டர்வியூ. (மாட்டுக் கொட்டகையில் நின்றுதான் பேசினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். நடுவில் மாடு கத்தியது. "சாரி மேடம், ஒரே டிராபிக்" என்று சமாளித்தேன்.) வேலை கிடைத்துவிட்டது. பதினைந்து நாளில் வந்து சேரச் சொல்லி மெயில். அதை உத்திரமேரூரில் பிரிண்ட் எடுத்து, நான்காக மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வைத்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் ஓடிவிட்டது. தினமும் சொல்லப் போவேன். "ம்மா" என்று ஆரம்பிப்பேன். "கொயம்புல உப்பு கம்மியா?" என்பாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அந்த வாரம் குழம்பில் உப்பு ஏறிக்கொண்டே போனதற்கு நான்தான் பொறுப்பு.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஹெச்.எம். அம்மா டீச்சர்களை எல்லாம் கூப்பிட்டு, பெண் பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் ஒன்றாக உட்காரவைத்து சனிக்கிழமை மத்தியானம் ஏதாவது நடத்த வேண்டும் என்றார். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

காலேஜில் படிக்கும்போது ஒரு தோழி எனக்குக் காட்டிய கார்ட்டூன் படம் ஞாபகம் வந்தது. ஒரு தாய் நாரை, ஒரு மகள் நாரை. மகள் பனிமலையைத் தாண்டி வேறு நாட்டுக்குப் பறக்க ஆசைப்படுவாள். தாய் விடமாட்டாள். சண்டை, புயல், சிறகில் அடி, அப்புறம் தாய் மகளை இறக்கையால் மூடிக்கொண்டு மூன்று நிமிடம் பேசுவாள், பேசி முடித்துப் பறக்க விடுவாள். நான் இரண்டு தடவை பார்த்து இரண்டு தடவையும் அழுத படம். திட்டம் மிகவும் எளிமையானது. அம்மாவைக் கூட்டிவந்து உட்காரவைப்பது. படம் முடியும்போது அவள் கண் கலங்கியிருக்கும். அந்த ஈரம் காய்வதற்குள் லெட்டரை நீட்டிவிடுவது. நான் பேச வேண்டியதே இல்லை. எல்லாவற்றையும் நாரை பேசிவிடும்.

"டீச்சருங்களோட அம்மாங்களும் கண்டிப்பா வரணுமாம்" என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொன்னேன். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

தகரக் கூரை போட்ட ஹால். வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னல் எல்லாம் போர்வை. உள்ளே நூறு பெண்களாவது இருப்பார்கள், மடியிலும் பக்கத்திலுமாக அவர்களுடைய மகள்கள். வேர்வையில் குளித்துக்கொண்டு எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். தோழி கொடுத்தனுப்பிய பென் டிரைவை லேப்டாப்பில் சொருகினேன். 'தமிழ் டப்பிங்' என்று மேலே எழுதியே ஒட்டியிருந்தாள். நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. ("எழுதினத ஒரு தடவ படிச்சிப் பாத்துட்டு குடுங்க" என்று பிள்ளைகளிடம் தினமும் கத்துகிறவள் நான்தான்.)

ஏரி வந்தது. நாரைகள் வந்தன. இமைமுடி நீளமாக வைத்த தாய் நாரை அலகைத் திறந்து பேசியது.

அது தமிழ் இல்லை. இங்கிலீஷும் இல்லை. என்ன பாஷை என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

"இன்னா டீச்சர், தெலுங்கா?" என்று ஒரு குரல்.

"நாங்க வூட்ல தெலுங்குதாம்மா பேசறோம். இது தெலுங்கு இல்ல" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல் மிகவும் கண்டிப்பாக மறுத்தது.

ஹெச்.எம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கதைதான் தெரியுமே என்று நான் சத்தத்தை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்று, "தாயே, நான் வானத்தின் எல்லையைக் காண விரும்புகிறேன்" என்றேன்.

மூன்றாவது வரிசை அம்மா ஒருத்தி, "டீச்சர், செய்தி வாசிக்கிற மாதிரி கீது. நம்ம பேசற மாதிரி பேசுங்க" என்றாள்.

சரி என்று தாய் நாரையை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தேன். "ஏண்டி, விடிஞ்சி எவ்ளோ நேரமாவுது, இன்னும் றெக்கய மூடிக்கினு தூங்கறியே, நாளிக்கி போற எடத்துல இன்னாடி சொல்லுவாங்க?" என்றேன். ஹால் கைதட்டலில் அதிர்ந்தது. நூறு பெண்களும் தங்கள் மகள்களைத் தோளில் இடித்தார்கள். எனக்கு அதற்கு முன்னால் யாரும் கைதட்டியது கிடையாது. கைதட்டல் ஒரு மாதிரியான சாராயம். ஒரு மடக்கு உள்ளே போனதும் நான் நிலை தவறிவிட்டேன்.

தாய் நாரைக்குக் குரல் எங்கே தேடுவது? எனக்குத் தெரிந்தது ஒரே தாயின் குரல்தான். "ஏரியில மீனு இல்லியா, கூட்ல எடம் இல்லியா, இன்னாடி கொறச்சல் ஒனக்கு? எங்க போனா இன்னா, அங்கயும் மீனுதான துண்ணப் போற!" என்றேன். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. மெட்ராஸ் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. படிக்கட்டுமா என்று கேட்டபோது அம்மா சொன்னதுதான் அது. சோற்றை எடுத்துவிட்டு மீனைப் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

முதல் வரிசையில் அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நிறுத்தினாள். நெல் வியாபாரி மூட்டையை எடை போடும்போது தராசு முள்ளை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை என் மேல் விழுந்தது. புத்தியுள்ளவள் அங்கேயே சுதாரித்திருப்பாள். நான் சண்டைக் காட்சிக்குப் போனேன்.

மகள் நாரை கிளையின் நுனியில் நின்று அலகைத் திறந்தது. "எனக்குன்னு ஒரு ஆச இருக்கக் கூடாதாம்மா? பஸ் ஏறுனா சாய்ங்காலம் திரும்பி வர்ற தூரத்துலயே நான் குப்ப கொட்டணுமா?" என்று கத்தினேன். (நாரை எதற்குப் பஸ் ஏற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.) அந்த நாரையும் அலகை மூடுகிற மாதிரி இல்லை. எனக்கோ வாய் நிற்கவில்லை.

"எனக்கு வேல கெடச்சிருக்குதும்மா! பெங்களூர்ல! ஆறு நாளா லெட்டர பையில வெச்சிக்கினு சுத்திக்கினு கீறேன், ஒன் கையில சொல்ல பயந்துக்கினு!"

சொன்னது என் காதில் விழுந்த பிறகுதான் சொன்னது நான் என்று தெரிந்தது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், நாரைக்கு பெங்களூர்ல இன்னா வேல?" என்றாள்.

அதற்கு ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருக்கலாம். அதற்குள் அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"எந்த லெட்டரு?"

அதே நொடியில் திரையில் தாய் நாரை அலகைத் திறந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. அவ்வளவு கச்சிதம். ஹாலில் கைதட்டல் எழுந்தது. தாய் நாரைக்கு நான் தனியாக ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். "குரலு ரொம்ப பொருத்தம்" என்று யாரோ பாராட்டினார்கள்.

அம்மா முன்னால் வந்தாள். புரொஜெக்டர் வெளிச்சம் அவள் மேல் விழுந்து, திரையில் நாரைகளைவிடப் பெரிதாக அவளுடைய நிழல் எழுந்தது.

"எந்த லெட்டருன்னு கேக்கறேன்."

"வேல லெட்டரும்மா." மைக் என் கையில்தான் இருந்தது. ஆஃப் செய்யத் தோன்றவில்லை.

"அப்போ ஆறு நாளா மாட்டுக் கொட்டாயில நின்னுக்கினு போன்ல குசுகுசுன்னு பேசிக்கினு கீறியே, அது?"

"கம்பெனிக்காரங்கம்மா. எப்ப வந்து சேர்றீங்கன்னு கேட்டாங்க."

"பையன் இல்லியா?"

"எந்தப் பையன்?"

"எவனோ ஒருத்தன்!"

நூறு பெண்களும் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடிப்பாவி! எவனயோ இஸ்துக்கினு ஓடப்போறன்னு நெனச்சி ஆறு நாளா எனக்கு ஒரு வாய் எறங்கலடி. கண்டக்டரு கையில சொல்லி வெச்சிக்கீறேன், உத்திரமேரூர தாண்டி டிக்கெட் கேட்டா குடுக்காதன்னு. ஒன் சர்டிபிகேட் எல்லாத்தயும் நெல்லு மூட்டைக்கு அடியில வெச்சிக்கீறேன். வேலயாம்! வேலன்னு சொல்லித் தொலைக்க வேண்டிதான?"

வெள்ளிக்கிழமை காலையில் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுக்காமல், "நிச்சயமா உத்திரமேரூர்தானாம்மா? நல்லா யோசிச்சிக்கினியா?" என்று கேட்டதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கியது. அந்த ஆறு நாளும் நான் அவளுக்குப் பயந்துகொண்டிருந்தேன். அவள் எனக்குப் பயந்துகொண்டிருந்தாள். நடுவில் குழம்பு ஒன்றுதான் அநியாயமாகக் கெட்டுப்போனது.

"ஹாஸ்டலு கேட்டப்ப போவாதன்னு சொன்னியேம்மா. அதான் பயம்" என்றேன். என் குரல் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டிருந்தது.

"அப்போ நீ 'போவட்டுமா'ன்னு கேட்ட. கேட்டா வேணாம்னுதாண்டி சொல்லுவேன். பெத்தவ வேற இன்னா சொல்லுவா? 'போறேன்'னு சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? பொட்டிய கட்டிக் குடுத்திருப்பேன்."

இப்படி ஒரு வித்தியாசம் இருப்பதை எந்தக் கார்ட்டூனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இருபத்து நான்கு வருடம் இலக்கணம் தெரியாமல் வளர்ந்திருக்கிறேன், அதுவும் ஒரு டீச்சர்.

திரையில் புயல் ஓய்ந்துவிட்டிருந்தது. தாய் நாரை மகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. அந்த மூன்று நிமிடப் பேச்சு ஆரம்பித்தது. நான் மொழிபெயர்க்க வேண்டும். மைக்கை வாய்க்கிட்டே கொண்டுபோனேன். மூக்கை உறிஞ்சியது மட்டும்தான் ஸ்பீக்கரில் கேட்டது.

அம்மா ஒரு அடி கிட்டே வந்தாள். குரலைத் தணித்துத்தான் கேட்டாள். (அவளுடைய தணிந்த குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும்.)

"சரி. அங்க தண்ணி எப்டி? உப்பா, நல்லதா? தல முடி கொட்டப் போவுது, எண்ண வெச்சிக்கோ. தங்கற ரூமுக்கு உள்தாப்பா கீதான்னு மொதல்ல பாரு, அப்பறமா அட்வான்சு குடு. கூட இருக்கறவளுங்க எந்த ஊருன்னு கேட்டுக்கோ. மனசு பேஜாரா இருந்தா பஸ் ஏறி வந்துடு, எதுக்கு வந்தன்னு நான் கேக்க மாட்டேன். ஒங்க நைனாவ கேக்கவே வேணாம், அவுரு எப்பவும் கேக்கறதில்ல."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, திரையில் தாய் நாரையின் அலகு திறந்து திறந்து மூடியது. மகள் நாரை தலையை ஆட்டியது. நானும் தலையை ஆட்டினேன். ஹாலில் மூக்குச் சிந்தாத ஆளில்லை. மூன்றாம் வரிசைக்காரி (செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னவள்) தன் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு வயது பதினாறு. மடி கொள்ளவில்லை.

அப்போது படத்தில் அந்தக் காட்டுக்கே பெரியவரான கிழட்டு ஆந்தை, பொந்திலிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்தது.

"அப்போ நீங்க வேலைய விடப் போறீங்களா? மூணு மாசம் நோட்டீஸ் குடுக்கணும், தெரியுமில்ல?"

ஹெச்.எம். அம்மாதான். கதவோரம் நின்று கேட்டிருந்தார். ஆந்தையின் வாய்க்கும் அவர் வாய்க்கும் ஒரு இம்மிகூட வித்தியாசமில்லை. அன்றைக்கு அதிகமான கைதட்டல் ஆந்தைக்குத்தான் கிடைத்தது. ராஜினாமாவை மைக்கில் ஒலிபரப்பிய ஆசிரியை இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "மூணு மாசமெல்லாம் ஆவாதும்மா. எங்க சொந்தத்துல காவாந்தண்டலத்துல ஒரு பொண்ணு கீது, பி.எட். முடிச்சிக்கினு வூட்ல சும்மா குந்திக்கினு கீது. திங்கக்கெழம இட்டாரேன்" என்றாள். இட்டுக்கொண்டும் வந்தாள். அந்தப் பெண் இன்றைக்கு அதே பள்ளியில் நான் இருந்ததைவிட மேலான பதவியில் இருக்கிறாள். அவளுடைய இங்கிலீஷும் என்னுடையதைவிட நல்ல இங்கிலீஷ்.

படம் எப்போது முடிந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. போர்வைகளை எடுத்தபோது, வெளிச்சத்தில் எல்லாருடைய முகமும் வீங்கியிருந்தது. வெளியே போகும்போது ஒவ்வொரு அம்மாவும் என் அம்மாவின் கையைப் பிடித்து, "நல்லா நடிச்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா யாரிடமும் மறுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டரிடம், "ஒண்ணியும் இல்லப்பா, வேலதான். இனிமே எங்க கேட்டாலும் குடு" என்று உரக்கச் சொன்னாள். என்ன இல்லை, என்ன வேலை என்று அதுவரை தெரியாமலிருந்த நாற்பது பேரும் தெரிந்துகொண்டார்கள். நான் ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று யோசித்தேன். கம்பி வைத்த ஜன்னல்.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் எனக்கு 'நாரை டீச்சர்' என்று பெயர். அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். பெங்களூரில் அதே வேலையில்தான் இருக்கிறேன். தண்ணீர் உப்புத்தான். முடி கொட்டிவிட்டது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். நல்ல கோபத்தில் இருந்தாள்.

"டீ, நம்ம படத்த டிவியில போடறாங்க. தமிழ்ல."

"அப்படியாம்மா! பாக்கறியா?"

"இன்னாத்த பாக்கறது? எல்லாத்தயும் மாத்தி வெச்சிக்கீறானுங்க. தாய் நார பொசுக்குன்னா அழுவுது. ஒரே ஒப்பாரி. பொண்ணு வெளியூரு போவுதே, ரூமுல தாப்பா கீதான்னு ஒரு வார்த்த கேக்கல. எதிர் வூட்டுக்காரி சொல்றா, அவ பொண்ணும் போன் பண்ணி, இது நம்ம பாத்த படமே இல்லன்னு சொல்லிச்சாம். ஆந்தை கூட நோட்டீசப் பத்தி பேசவே இல்லடி."

"ம்மா, அவங்க போடறதுதாம்மா ஒரிஜினல். நாம சொன்னதுதான் நாமளா இட்டுக்கட்டினது."

அந்தப் பக்கம் டிவியைப் பட்டென்று அணைத்த சத்தம் கேட்டது.

"எவன் சொன்னான்?" என்றாள் அம்மா. "அவன் இப்பதான சொல்றான். நான் எப்பவோ சொல்லிட்டேன்."